எறியக் கூடாத சதைத் துண்டு

பெரிய ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் மருந்துத் தண்ணீரில் ஒரு சதைத் துண்டு.

அது அவருடைய மனைவியின் மார்பிலிருந்து டாக்டர் வெட்டி எடுத்த கட்டி.

"இதைக் கொண்டுபோய் லேபில் கொடுங்கள்" என்று நர்சம்மா சொன்னார். அவரும் கொண்டு போகிறார். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் காணக் கூடிய காட்சிதான் இது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கட்டியை எடுத்தாகிவிட்டது. பீடை தொலைந்தது. இனி மருந்து கொடுத்தால் குணமாகிவிடும். டப்பாவில் இருப்பது வெறும் கழிவு.

அது கழிவு அல்ல. எந்த மருந்து அந்த அம்மாளைக் காப்பாற்றும், எந்த மருந்து காப்பாற்றாது என்பதற்கு விடை அந்தத் துண்டுக்குள்தான் இருக்கிறது. அந்த விடையைக் கேட்டு வாங்குவது குடும்பத்தின் உரிமை. கேட்டால் கிடைக்கும்படி செய்து வைப்பது அரசாங்கத்தின் கடமை. இரண்டும் இன்னும் முழுமையாக நடக்கவில்லை.

பெயர் ஒன்று; நோய் பல

காய்ச்சல் என்பது ஒரு பெயர். மலேரியாவும் காய்ச்சல்தான். டைபாய்டும் காய்ச்சல்தான். மலேரியா மருந்தைத் தின்றால் டைபாய்டு போகுமா? போகாது. அதனால்தான் டாக்டர் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார்.

மார்பகப் புற்றுநோயும் அப்படித்தான். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் எல்லாக் கட்டியும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருப்பவை வெவ்வேறு. ஒரே வயது, ஒரே அளவு கட்டி, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒருத்திக்கு மாத்திரை மட்டுமே பெரும் பலன் தரும். இன்னொருத்திக்கு அதே மாத்திரை தண்ணீரை விழுங்கியதற்குச் சமம்.

இது எப்படித் தெரிய வந்தது என்ற கதை சுவையானது. அது ஸ்காட்லாந்து தேசத்தில் ஆரம்பிக்கிறது.

பால் மாடு சொன்ன செய்தி

கிளாஸ்கோ நகரத்தில் ஜார்ஜ் பீட்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். தாய்க்குப் பால் சுரப்பது எப்படி என்று ஆராய்ந்தவர் அவர். சில நாடுகளில் மாட்டுக்காரர்கள் ஒரு காரியம் செய்வதுண்டு என்று அவர் கேள்விப்பட்டார். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால், அது நெடுங்காலம் பால் கறக்குமாம்.

பீட்சன் யோசித்தார். சினைப்பை வயிற்றில் இருக்கிறது. பால் மடியில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் நரம்பு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஒன்றை எடுத்தால் மற்றொன்று மாறுகிறது. அப்படியானால் மார்பில் வரும் கட்டிக்கும் சினைப்பைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் அல்லவா?

1895-ம் ஆண்டில் 33 வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். ஆபரேஷன் செய்தும் புற்று திரும்ப வந்துவிட்டது. இனி வைத்தியம் இல்லை என்ற நிலை. பீட்சன் அவளுடைய சினைப்பைகளை எடுத்தார். எட்டு மாதத்தில் கட்டிகள் மறைந்தன! சில ஆண்டுகள் அவள் உயிரோடு இருந்தாள். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். 1896-ல் பீட்சன் இதை எழுதி வெளியிட்டார்.

மற்ற டாக்டர்களும் செய்து பார்த்தார்கள். அப்போதுதான் குழப்பம் வந்தது. சுமார் மூன்று பேரில் ஒருத்திக்குத்தான் கட்டி சுருங்கியது. மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வயிற்றைக் கிழித்த வேதனைதான் மிச்சம்.

யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது? முன்கூட்டியே சொல்ல ஒருவராலும் முடியவில்லை. இந்தக் கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது.

1950-களில் இன்னும் கடுமையான வைத்தியம் வந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளையும் எடுத்தார்கள். எடுத்த பிறகு ஆயுள் முழுவதும் மருந்து சாப்பிட்டால்தான் உயிர் தங்கும். அதிலும் மூன்று அல்லது நான்கு பேரில் ஒருவருக்குத்தான் பலன். மற்றவர்கள் வீணாக அறுபட்டார்கள்.

பூட்டும் சாவியும்

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற விஞ்ஞானி இருந்தார். மலை ஏறிப் பழக்கம் இல்லாமலே சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறியவர்! ஆராய்ச்சியிலும் அதே துணிச்சல்.

பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரஜன் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. பெண்ணைப் பெண்ணாக வளர்ப்பது அதுதான். அது இரத்தத்தோடு உடம்பு முழுவதும் ஓடுகிறது. ஆனால் கருப்பையும் மார்பும்தான் அதற்கு முக்கியமாகப் பணிகின்றன. கையும் காலும் அப்படிப் பணிவதில்லை. ஏன்?

கதிர் வீசும் ஹைட்ரஜனை ஈஸ்ட்ரஜனில் ஏற்றி, அதைச் சிறிய பெண் எலிகளுக்கு ஊசி மூலம் கொடுத்தார் ஜென்சன். பிறகு அது எங்கே போய்த் தங்குகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார். மற்ற உறுப்புகளிலிருந்து அது சீக்கிரம் போய்விட்டது. கருப்பையில் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. அங்கே அதைப் பிடித்து வைக்கும் ஒரு பொருள் இருக்கிறது என்று தெரிந்தது. இது 1950-களின் கடைசியில் நடந்தது.

ஹார்மோன் ஒரு சாவி என்றால், அந்தப் பொருள் ஒரு பூட்டு. பூட்டு இருக்கும் செல்லில்தான் சாவி வேலை செய்யும். டாக்டர்கள் அந்தப் பூட்டுக்கு 'ஏற்பி' என்று பெயர் சொல்கிறார்கள்.

ஜென்சன் அதோடு நிற்கவில்லை. நோயாளிகளின் மார்புக் கட்டிகளில் அந்தப் பூட்டு இருக்கிறதா என்று தேடினார். சிலருடைய கட்டியில் நிறைய இருந்தது. சிலருடைய கட்டியில் இல்லவே இல்லை. 1971-க்குள் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. பூட்டு இருந்தவர்களில் பெரும் பகுதியினருக்கு ஹார்மோனைத் தடுக்கும் வைத்தியம் பலித்தது. பூட்டு இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடப் பலிக்கவில்லை.

பீட்சனின் மூன்றில் ஒருத்தி யார் என்ற கேள்விக்குக் கடைசியில் விடை கிடைத்தது. எத்தனையோ பெண்கள் வீண் ஆபரேஷனிலிருந்து தப்பினார்கள்.

கர்ப்பத் தடைக்குச் செய்த மாத்திரை

அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு மருந்துக் கம்பெனியில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் விஞ்ஞானி 1962-ல் ஒரு புதிய பொருளைச் செய்தார். கர்ப்பத் தடை மாத்திரையாக அதை விற்கலாம் என்பது கம்பெனியின் ஆசை. எலிகளில் அது கர்ப்பத்தைத் தடுத்தது. பெண்களிடமோ நேர்மாறாகக் கருமுட்டையைத் தூண்டிவிட்டது! திட்டம் படுத்துவிட்டது.

ஆனால் அந்தப் பொருளுக்கு வேறொரு குணம் இருந்தது. மார்பகச் செல்லில் இருக்கும் ஈஸ்ட்ரஜன் பூட்டில் அது போய் அடைத்துக்கொள்ளும். பிறகு உண்மையான சாவி நுழைய முடியாது. கட்டி வளர முடியாது. அதுதான் டாமாக்சிபென். 1973-ல் பிரிட்டனில் புற்றுநோய் மருந்தாக வந்தது. இன்று உலகம் முழுவதும் வழங்குகிறது.

பூட்டு உள்ள கட்டிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால், அந்த நோயால் சாகும் அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு இதே வழியில் வேலை செய்யும் வேறு மாத்திரைகளும் உண்டு. டாமாக்சிபென் மாத்திரை ஒன்றின் விலை சில ரூபாய்தான்.

பூட்டு இல்லாத கட்டிக்கு? ஐம்பது ஆண்டுகள் சாப்பிட்டாலும் பயன் இல்லை.

சில ரூபாய் மாத்திரை ஒரு பெண்ணின் உயிரைக் காக்குமா, காக்காதா என்பதை அந்த டப்பாவில் இருக்கும் துண்டு சொல்லிவிடும்.

குளிர்பெட்டியில் இருந்த புதையல்

இரண்டாவது அடையாளத்தின் கதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நடந்தது. அங்கே டென்னிஸ் ஸ்லாமன் என்ற டாக்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை எறிய விடமாட்டார். குளிர்பெட்டியில் வைத்துப் பத்திரப்படுத்துவார். என்றாவது உதவும் என்பது அவர் எண்ணம்.

ஆக்செல் உல்ரிச் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, 'ஹெர்-2' என்ற ஒரு ஜீனைப் பிரித்து எடுத்து வைத்திருந்தார். ஜீன் என்பது செல்லுக்குள் இருக்கும் எழுத்து. இந்த எழுத்து, 'வளரு, பெருகு' என்ற கட்டளையைக் கேட்கும் காதுகளைச் செல்லின் மேல் உண்டாக்குகிறது. ஒருவரிடம் ஜீன் இருந்தது. இன்னொருவரிடம் கட்டிகள் இருந்தன. இருவரும் சேர்ந்தார்கள்.

டெக்சாஸ் மாகாணத்தில் இன்னொரு டாக்டரும் இப்படிக் கட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் சேர்த்து 189 பெண்களின் கட்டிகளைப் பார்த்தார்கள். நல்ல செல்லில் அந்த ஜீன் இரண்டு பிரதிதான் இருக்கும். சுமார் நூற்றுக்கு முப்பது கட்டிகளில் அது பல மடங்காகப் பெருகியிருந்தது. சிலவற்றில் இருபதுக்கு மேல்! அப்படிப் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பி வந்தது. சீக்கிரம் சாவும் வந்தது. 1987-ல் இது வெளியாயிற்று.

கெட்ட செய்திதான். ஆனால் எதிரி யார் என்று தெரிந்தால் பாதிச் சண்டை முடிந்தது போல. அந்தக் காதுகளை மட்டும் அடைக்கும் மருந்தைச் செய்தார்கள். டிராஸ்டுஜுமாப் என்று அதற்குப் பெயர். 1998 செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது. மருந்துக்கு மட்டுமல்ல, ஹெர்-2 இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் அன்றே அனுமதி கொடுத்தது. சோதிக்காமல் அந்த மருந்தைக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

2005-ல் இன்னொரு நல்ல செய்தி வந்தது. நோய் பரவுவதற்கு முன்பே, ஆபரேஷனை ஒட்டி, ஓராண்டு இந்த மருந்தைக் கொடுத்தால் நோய் திரும்பி வரும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எது மிகக் கொடிய ரகம் என்று பெயர் எடுத்திருந்ததோ, அது வைத்தியத்துக்குப் பணியும் ரகமாக மாறிவிட்டது.

எறியாமல் வைத்த சதைத் துண்டுகள் செய்த வேலை இது!

நுரையீரல் புற்றுநோயிலும் இதே பாடம் உண்டு. ஜெஃபிட்டினிப் என்று ஒரு மாத்திரை. கிழக்கு ஆசிய நாடுகளில் 1,217 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2009-ல் வெளியாயிற்று. கட்டியில் ஒரு குறிப்பிட்ட ஜீன் மாறியிருந்தவர்களில் நூற்றுக்கு 71 பேருக்கு இந்த மாத்திரையால் கட்டி சுருங்கியது. அந்த ஜீன் மாறாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் சுருங்கியது. ஒரே மாத்திரை, ஒரே வியாதி என்ற பெயர்!

கனடா பெண்களுக்கு நேர்ந்தது

சோதனை செய்தால் போதுமா? போதாது. சரியாகச் செய்ய வேண்டும். இதற்குக் கனடா நாட்டில் நடந்த ஒரு சோகக் கதை சாட்சி.

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு மாகாணம். மீன்பிடித் தொழிலுக்குப் பேர் போன இடம். அங்கே மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் கட்டிகளில் ஈஸ்ட்ரஜன் பூட்டு இருக்கிறதா என்று ஒரு சோதனைச்சாலையில் பார்த்து வந்தார்கள்.

2005-ல் ஒரு நோயாளியின் பழைய விடையில் டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. பத்திரமாக வைத்திருந்த அந்தத் துண்டை மறுபடியும் சோதித்தார்கள். 'இல்லை' என்று சொன்ன பூட்டு, 'இருக்கிறது' என்று வந்தது! மேலும் சிலருடையதைப் பார்த்தார்கள். அவற்றிலும் அப்படியே.

1997-லிருந்து 2005 வரை சோதித்த துண்டுகளில் 'இல்லை' என்று வந்தவற்றை டொராண்டோ நகரத்துக்கு அனுப்பினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் போயின. ஏறத்தாழ 400 பெண்களுக்குத் தப்பான விடை கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது.

அந்த 400 பேரும் டாமாக்சிபென் போன்ற மாத்திரைக்குத் தகுதி உள்ளவர்கள். சோதனை இல்லை என்று சொன்னதால் பலருக்கு அந்த மாத்திரை கிடைக்கவில்லை. உண்மை தெரிவதற்குள் அவர்களில் 100-க்கு மேற்பட்டவர்கள் இறந்துவிட்டார்கள். மாத்திரை கிடைத்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிலராவது பிழைத்திருப்பார்கள் என்பதை யாரால் மறுக்க முடியும்?

வேதனையில் வேதனை, அந்தப் பெண்களில் பலருக்கு ஆஸ்பத்திரி உடனே உண்மையைச் சொல்லவில்லை. செய்தி வெளியே வந்ததும் மாகாணமே கொதித்தது. மார்கரெட் கேமரன் என்ற பெண் நீதிபதி விசாரித்தார். 2009-ல் அவர் அறிக்கை கொடுத்தார். சதைத் துண்டைப் பதப்படுத்துவதிலிருந்து விடை எழுதுவது வரை பல இடங்களில் கோளாறு. சோதனையின் தரத்தைச் சரிபார்க்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை. ஒரு தனி மனிதர் செய்த பிழை அல்ல. ஏற்பாடே பிழை என்றது விசாரணை.

பணக்கார நாடு கனடா. அங்கே வைத்தியத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. அங்கேயே இப்படி!

ஒரு மணி நேரம்

இந்தியாவில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதல் இடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2022-ல் மட்டும் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு கணக்கிட்டது. அந்த ஒரே ஆண்டில் சுமார் 98,000 பேர் அதனால் இறந்தார்கள்.

சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தில் பிறந்த ஆஸ்பத்திரி அது. அப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தச் சோதனைகள் அன்றாட வேலை.

ஆனால் எல்லாக் கட்டியும் முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுக்கப்படுவதில்லை. "சின்னக் கட்டிதானே, இங்கேயே எடுத்துவிடலாம்" என்று சிறிய ஊரிலேயே எடுத்துவிடுவது உண்டு. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதை உடனே கெட ஆரம்பிக்கிறது. மீனவர் வலையிலிருந்து எடுத்த மீனை உடனே ஐஸில் போடுகிறார். ஏன்? சதையின் குணம் அது. ஹெர்-2, ஈஸ்ட்ரஜன் பூட்டு எல்லாம் சதையில் உள்ள புரதங்கள். சதை கெட்டால் அவையும் அழிந்துபோகும். அழிந்த பிறகு சோதித்தால் 'இல்லை' என்றுதான் வரும்.

ஆகவே எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் துண்டு ஃபார்மலின் என்ற மருந்தில் விழ வேண்டும். 10 சதவீத ஃபார்மலின். துண்டைப் போல பத்து மடங்காவது மருந்து இருக்க வேண்டும். பெரிய கட்டியானால் கத்தியால் கீறிப் போட வேண்டும். அப்போதுதான் மருந்து உள்ளே இறங்கும். குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும். 72 மணி நேரத்துக்கு மேல் ஊறக் கூடாது. பச்சைத் தண்ணீரில் போட்டால் கெட்டது. உப்புத் தண்ணீரில் போட்டு மறுநாள் அனுப்பினாலும் கெட்டது. வாயைக் கட்டிய காலிப் பிளாஸ்டிக் பையில் அனுப்பினால் கேட்கவே வேண்டாம்.

கோடி ரூபாய்ச் செலவில் நவீன சோதனைச்சாலை கட்டலாம். சில ரூபாய் ஃபார்மலினை நேரத்தில் ஊற்றாவிட்டால் அவ்வளவும் வீண். ஒவ்வொரு அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையிலும், தனியார் நர்சிங் ஹோமிலும், மருந்து ஊற்றிய டப்பா தயாராக இருப்பது கட்டாயமாக வேண்டும். டப்பாவின் மேல் பெயரோடு, துண்டை எடுத்த மணியும் எழுதப்பட வேண்டும். டப்பாவை மஞ்சள் பையில் போட்டு நோயாளியின் கணவரிடம் கொடுத்து அனுப்பும் வழக்கமும் ஒழிய வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகளிலிருந்து துண்டுகளைச் சேர்த்து எடுத்துப் போக ஒரு வண்டி விட முடியாதா? தபால் போகவில்லையா? பால் போகவில்லையா?

சோதனைக்கு ஆகும் செலவும் ஒரு பேச்சு. மூன்று சோதனைகளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் ஆகும். மருந்துக்குப் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம் எதுவானாலும், சோதனைக்கும் சேர்த்தே தர வேண்டும். கொடுத்துப் பயன்படாத மருந்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சோதனைச் செலவு பெரிதல்ல. டிராஸ்டுஜுமாப் மருந்தை 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியக் கம்பெனிகளே அதைத் தயாரிக்க ஆரம்பித்த பின் விலை இறங்கியது. இறங்கியும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஓராண்டு போடுவது கூலிக் குடும்பத்துக்குத் தாங்காது. அதைத் தேவை இல்லாதவளுக்குப் போட்டுக் காசை வீணாக்குவதும் பாவம். தேவையானவளுக்குப் போடாமல் விடுவதும் பாவம்.

கனடா கற்ற பாடத்தையும் இங்கே கொண்டுவர வேண்டும். ஒரு சோதனைச்சாலையின் விடையை இன்னொன்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கச் சம்மதிக்காத சோதனைச்சாலைக்கு அரசாங்கப் பணம் ஒரு காசு போகக் கூடாது.

வீட்டார் கேட்க வேண்டியது

டாக்டரிடம் கேள்வி கேட்கப் பலர் அஞ்சுகிறார்கள். "படித்தவர், அவருக்குத் தெரியாதா?" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நல்ல டாக்டர் கேள்விக்குக் கோபிப்பதில்லை.

கட்டி என்று சந்தேகம் வந்தவுடன் கத்தியை எடுக்க வேண்டியதில்லை. முதலில் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கலாம். அந்தச் சிறு துண்டிலேயே அடையாளங்கள் தெரிந்துவிடும். சில ரகங்களுக்கு முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்வதே நல்லது. முதலிலேயே அறுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

சோதனைச் சீட்டில் மூன்று பெயர்கள் இருக்கின்றனவா என்று வீட்டில் படித்த பிள்ளைகள் பார்க்கலாம். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் ஹார்மோன் பூட்டுகள். இரண்டில் ஒன்று 'பாசிட்டிவ்' என்றால் மாத்திரை வைத்தியத்துக்கு வழி உண்டு. பாசிட்டிவ் என்ற சொல்லைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. இங்கே அது நல்ல செய்தி!

ஹெர்-2 சோதனைக்கு 0, 1, 2, 3 என்று மதிப்பெண் போடுவார்கள். 3 என்றால் டிராஸ்டுஜுமாப் மருந்து உதவும். 0 அல்லது 1 என்றால் அந்த மருந்து வேண்டியதில்லை. 2 என்றால்? அது பாதி விடை. ஜீனையே எண்ணிப் பார்க்கும் இன்னொரு சோதனை செய்தால்தான் முழு விடை தெரியும். செலவைக் கண்டு பலர் இந்த 2-லேயே நின்றுவிடுகிறார்கள். அரசாங்கம் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்றுமே 'நெகட்டிவ்' என்று வருவதும் உண்டு. இந்தியாவில் அப்படிப்பட்ட பெண்கள் மேல்நாடுகளைவிட அதிகம். அதற்காக மனம் உடைய வேண்டியதில்லை. அவர்களுக்குக் கீமோ மருந்து நன்றாக வேலை செய்வதுண்டு. காலம் தாழ்த்தாமல் தொடங்குவதுதான் முக்கியம்.

இப்போது 21 ஜீன் சோதனை என்று ஒன்று வந்திருக்கிறது. ஹார்மோன் பூட்டு உள்ள, ஹெர்-2 இல்லாத, ஆரம்ப நிலைக் கட்டிகளில் யாருக்குக் கீமோ தேவை இல்லை என்று அது சொல்லும். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 2018-ல் முடிவு சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கீமோ இல்லாமல் மாத்திரையே போதும் என்று தெரிந்தது. முடி கொட்டுதல், வாந்தி, செலவு எல்லாம் மிச்சம். நல்ல சோதனைதான். ஆனால் விலை மிக அதிகம். இன்னும் நூற்றுக்கணக்கான ஜீன்களைப் பார்ப்பதாகச் சொல்லும் சோதனைகளும் விற்பனைக்கு உண்டு. தாலியை அடகு வைத்து அவற்றைச் செய்ய வேண்டும் என்று எல்லோரும் நினைக்கத் தேவை இல்லை. அந்த விடையால் வைத்தியம் மாறுமா என்று டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டும். மாறாது என்றால் அந்தச் செலவு எதற்கு? சாதாரணமான அந்த மூன்று சோதனைகளும் ஒழுங்காக நடந்தால், பெரும்பாலான பெண்களுக்கு வைத்திய வழி தெரிந்துவிடும்.

சோதனைச்சாலையில் சதைத் துண்டை மெழுகில் பதித்து வைப்பார்கள். சிறிய சோப்புத் துண்டு போல இருக்கும். பத்து ஆண்டு கழித்தும் அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சோதிக்கலாம். நியூஃபவுண்ட்லாந்துப் பெண்களுக்கு உண்மை தெரிந்தது இந்த மெழுகுக் கட்டியால்தான். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது நோயாளி அதைக் கேட்டு வாங்கிப் போகலாம். அதற்கு ஒரு நம்பர் உண்டு. சோதனைச் சீட்டில் அது எழுதியிருக்கும்.

மஞ்சள் பையோடு போனவர் திரும்பி வரும்போது கையில் அந்தச் சீட்டு இருக்கும். அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் பெட்டியிலேயே வைக்கலாம்.